கரித்தின்னி

எங்கள் வீட்டுக் காற்று சுத்தமாகச் சுத்தமாக என் மகளுக்கு மூச்சு வாங்கியது. முதலில் கவனித்தது நான். நம்ப மறுத்தவர் என் கணவர் பரணி. அவர் நுரையீரல் டாக்டர். மறுப்பதற்கு அவரிடம் படித்த காரணங்கள் நிறைய இருந்தன.

மகிழுக்கு அப்போது ஆறு மாதம். மூத்தவன் செழியன் கோவையில் பிறந்தான். இவளுக்காவது தாய்வீட்டுக்குப் போவேன் என்று அடம்பிடித்து, ஐந்து வயதுப் பையனைப் பள்ளிக்கூடம் கெடக்கூடாதென்று மாமியாரிடம் விட்டுவிட்டு, நான் நெல்லிவலசுக்குப் போயிருந்தேன். நெல்லிவலசில் வீட்டுக்கு ஒரு வேப்பமரம் இருக்கிறதோ இல்லையோ, தெருவுக்கு ஓர் அரிசி ஆலை உண்டு. நெல் அவிக்க உமியை எரிப்பார்கள். கொடியில் காயும் துணியிலெல்லாம் கரி படியும். விருந்துக்கு வரும் மாப்பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் அங்கே வெள்ளை வேட்டி கட்டுவதில்லை. அந்த ஊரில் ஐந்து மாதம் மகிழ் கொழுகொழுவென்று வளர்ந்தாள். ஒரு தும்மல்கூடக் கிடையாது.

கோவைக்கு வந்தோம். பதினோராவது மாடி. அறைக்கு ஒரு காற்றுச் சுத்திகரிப்பான். வெளிக்காற்றைத் துவைத்து அலசித்தான் உள்ளே விடும். இதைவிட நல்ல காற்று ஊட்டியில்கூடக் கிடைக்காது என்று பரணிக்குப் பெருமை. இரண்டு வாரத்தில் குழந்தையின் விலா உள்வாங்கத் தொடங்கியது. பால் குடிக்கும்போது பாதியில் வாயை எடுத்துவிட்டு மூச்சுக்கு ஏங்கினாள். காய்ச்சல் இல்லை, சளி இல்லை, இருமல்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே காற்று எங்கள் வீட்டைவிடச் சுத்தம். அவள் உதடு நீலம் பாரித்தது.

மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்குப் போனோம். போகிற வழியில் லாரிப் புகையில் மாட்டிக்கொண்டபோதே குழந்தை சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நெல்லிவலசில் இரண்டே நாளில் கன்னம் உப்பியது. கோவைக்குத் திரும்பியதும் பழையபடி விலா உள்ளே போனது. பரணியிடம் சொன்னேன். ஆலைப் புகை குழந்தைக்கு ஆகும் என்று ஒரு காலேஜ் வாத்தியார் சொல்லலாமா என்று கேலி செய்தார். நான் பெண்கள் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள்.

அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. எட்டு வருடமாக அவர் வைத்தியம் பார்ப்பதே நெல்லிவலசுப் பெண்களுக்குத்தான். பீடி சிகரெட்டைக் கையால் தொடாதவர்கள். விறகடுப்பின் முன்னாலும் ஆலைக் கொதிகலன் முன்னாலும் பாதி ஆயுளைக் கழித்தவர்கள். நாற்பத்தைந்து வயதில் பத்தடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்த நோய் என்னதான் செய்கிறது என்று நான் கேட்டபோது, செழியனின் பழைய டவுசரை எடுத்து இடுப்பு எலாஸ்டிக்கை இழுத்துக் காட்டினார்.

"நுரையீரல் முழுக்க இந்த மாதிரி நாருதான் ரஞ்சனி. மூச்சு இழுத்தா விரியும், விட்டாத் தானாச் சுருங்கும். கரி உள்ள போனா காவல் செல்லுக ஓடி வந்து முழுங்கும். ஆனா அதுகளால கரியச் செரிக்க முடியாது. செரிக்காத கோவத்துல ஒரு நொதியக் கக்கும். கரிக்கு அது ஒண்ணும் பண்ணாது. பக்கத்துல இருக்கற நாரத்தான் கரைக்கும்."

"வேலியே பயிர மேயற கதைதான்."

"அதேதான். வருசக்கணக்கா மேஞ்சா எலாஸ்டிக் போன டவுசர்தான் மிஞ்சும். காத்து உள்ள போகும், வெளிய வராது. பழைய காத்து வெளிய போனாத்தானே புதுசுக்கு எடம் இருக்கும்?"

கரைந்த நாரைத் திரும்ப நெய்ய மருந்து கிடையாது. அதனால் அவரும் அவருடைய குழுவும் கரியைத் தின்று செரிக்கிற ஒரு நுண்ணுயிரியை உருவாக்கினார்கள். கரியைத் தின்னும், தின்றதற்குக் கூலியாக நாரையும் ஒட்டுப்போட்டுக் கொடுக்கும். அதன் அறிவியல் பெயர் யார் நாக்கிலும் நிற்கவில்லை. ஊர்ப்பெண்கள் கரித்தின்னி என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. ஆவியாக ஒருமுறை முகர்ந்தால் போதும், ஆயுளுக்கும் நுரையீரலிலேயே குடியிருக்கும். முகர்ந்த பெண்கள் மூன்று மாதத்தில் தண்ணீர்க் குடத்தோடு படியேறினார்கள். பரணியைக் கண்டால் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவர் கூச்சத்தோடு அதை ஏற்றுக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் பரணி வேலைக்குப் போனபின் எல்லாச் சுத்திகரிப்பான்களையும் அணைத்தேன். தணலில் சாம்பிராணி போட்டு அறையை மூடினேன். மகிழின் விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் கருவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். எண் ஏறியது. மெதுவாகத்தான் ஏறியது, ஆனால் இறங்கவே இல்லை. எனக்குத் தொண்டை எரிந்து கண்ணில் நீர் வழிந்தது; அவளோ புகைக்கு நடுவில் காலை உதைத்து விளையாடினாள். பரணி திரும்பி வந்து கதவைத் திறந்தவர் முதலில் என்னைத் திட்ட வாயெடுத்தார். அப்புறம் எண்ணைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஊர்ல கொழந்தைக்குத் தண்ணி வாத்தது யாரு?"

பாவாயி அக்கா என்றேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால்தான் புரியும். எங்கள் பக்கம் பச்சைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது எல்லாருக்கும் கைவந்த வேலை அல்ல. அதற்கென்று ஓர் அம்மா வீடுவீடாக வருவார். இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, உருவி, வெந்நீர் வார்ப்பார். கடைசியில் குழந்தையின் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, தன் வாயை வைத்து ஒரு ஊது ஊதுவார். உள்ளே போன தண்ணீர் வந்துவிடுமாம், மூக்கும் எடுப்பாக நிற்குமாம். அப்புறம் சாம்பிராணிப் புகை. ஊதாதீர்கள் என்று குழந்தை டாக்டர்கள் தலைதலையாக அடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கும் பாவாயி அக்காதான் ஊதினார்.

முப்பது வருடம் ஆலையில் உமி தள்ளியவர் அவர். வேலை முடித்த கையோடு குழந்தைகளைக் குளிப்பாட்டப் போவார். நுரையீரல் கெட்டபோது அவரால் ஒரு மெழுகுவர்த்தியை ஊதி அணைக்க முடியவில்லை. அடுப்பைக்கூட ஊத முடியவில்லை. குளிப்பாட்டுவதை விட்டுவிட்டார். பிறகு கரித்தின்னியை முதலில் முகர்ந்தவர்களில் அவரும் ஒருவர். மூச்சு திரும்பியது. ஊரே சந்தோஷப்பட்டுப் பிள்ளைகளைத் திரும்பவும் அவர் காலில் போட்டது.

பரணியின் குழு எல்லாவற்றையும் சோதித்திருந்தது. இருமினால் பரவுமா, ஒரே தம்ளரில் குடித்தால் பரவுமா, கணவன் மனைவிக்குள் பரவுமா? எதிலும் பரவவில்லை. நுரையீரலின் அடிக்கு இறங்கினால்தான் கரித்தின்னி பிழைக்கும், வெறும் மூச்சில் அவ்வளவு தூரம் போகாது. எண்ணெய்ப் படலத்தில் ஏறி, வாயோடு மூக்கு வைத்து ஊதினால் போகும். இதை எந்த ஊர் விஞ்ஞானி சோதித்துப் பார்ப்பார்?

மகிழின் நுரையீரலிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தார்கள். இருந்தது. லட்சம் லட்சமாக இருந்தது.

"இருந்துட்டுப் போகட்டும். நல்லதுதானே பண்ணுது? அப்பறம் எதுக்கு மூச்சு வாங்குது?" என்று கேட்டேன்.

"கரி கெடைக்கற வரைக்கும் நல்லது பண்ணும்."

"கெடைக்கலைன்னா?"

"பட்டினி கெடந்து செத்துரும்னு எழுதி வெச்சிருந்தோம்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சாகலை. கரிக்கு அடுத்தபடியா அங்க திங்கக் கெடைக்கறது அந்த நாருதான். அதத் திங்குது."

மருந்து வாங்கிய பெண்களில் ஒருத்திகூட நெல்லிவலசை விட்டு வெளியே போய்ச் சுத்தமான காற்றில் ஒரு மாதம் தங்கியதில்லை. அவர்களுக்கு அப்படிப் போக வசதி ஏது? அதனால் யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண்கள் எல்லாரும் இனிச் சாகும்வரை புகைக்குள்ளேயே இருந்தாக வேண்டும். என் மகளும் அப்படித்தான். கொன்றுவிடலாமே என்றேன். எலிகளில் முயன்றுவிட்டார்களாம். கரித்தின்னி மொத்தமாகச் செத்தால், தின்ற கரியையும் நொதியையும் மொத்தமாகக் கக்கிவிட்டுச் சாகிறது. ஓர் எலிகூடத் தப்பவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, அந்தப் பூதம் என் குழந்தையின் நெஞ்சில் குடியிருந்தது. நான் அன்று பரணியின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவர் தடுக்கவில்லை.

சாம்பிராணி கொஞ்ச நாள் போதுமானதாக இருந்தது. குழந்தை வளர வளர உள்ளே கரித்தின்னியும் பெருகியது. தினம் ஒரு வேளைப் புகை நான்கு வேளையானது. மேல்மாடிக்காரர் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டார். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நெல்லிவலசுக்கே போனோம். அம்மா வீட்டுக்கு அடுத்த சந்தில், ஆலைச் சுவரை ஒட்டிய வீடு. செழியனையும் கூட்டிக்கொண்டோம்.

பரணி ஒன்றையும் மறைக்கவில்லை. அதை நான் அவருக்காகச் சொல்லியே ஆக வேண்டும். மேலே எழுதிப் போட்டார். ஆராய்ச்சியை நிறுத்தினார்கள், ஆய்வகத்துக்குச் சீல் வைத்தார்கள், அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு பாவாயி அக்கா ஊதிய பிள்ளைகளின் தாய்மார்களை ஊர்க் கல்யாண மண்டபத்தில் கூட்டி, உங்கள் பிள்ளைகளுக்கு இதுதான் நடந்திருக்கிறது என்று தன் வாயாலேயே சொன்னார். அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். அடித்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். யாரும் அடிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, அப்படியானால் தை மாதத்தோடு ஆலைக்குக் கரண்டுக் கொதிகலன் வருகிறதாமே, அப்புறம் பிள்ளைகள் என்ன ஆகும் என்று கேட்டாள்.

மாநிலம் முழுக்கப் புகையை ஒழிக்கும் திட்டம் அது. அந்தத் திட்டத்துக்காகக் கல்லூரியில் நானே மாணவிகளை ஊர்வலம் கூட்டிப் போயிருக்கிறேன். இப்போது அதை நிறுத்தச் சொல்லும் மனுவில் என் கையெழுத்தும் இருந்தது. ஆலை முதலாளிகள் உருகிப்போனார்கள். பிள்ளைகளுக்காகப் பழைய கொதிகலனையே வைத்துக்கொள்வதாக அறிவித்து, மேடையில் மாலையும் போட்டுக்கொண்டார்கள். அதிகாரிகள் வந்தார்கள், குழந்தைகளைப் பார்த்தார்கள், பொதுமக்கள் கோரிக்கையை ஏற்று நெல்லிவலசுக்கு மட்டும் விலக்கு என்று சொல்லிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டியேறினார்கள்.

அதற்கப்புறம் ஊர் மாறிய விதத்தைப் பார்த்தால் சிரிப்பும் வரும், பயமும் வரும். புகைக்கூண்டுக்குப் பக்கத்து மனைகளுக்கு விலை ஏறியது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் பெண்கள் தூளி கட்டினார்கள். ஆலைக்கு விடுமுறை நாளில் முக்குக்கு முக்கு உமியைக் குவித்துக் கொளுத்தினார்கள். கைப்பிள்ளைகளோடு தாய்மார்கள் அதைச் சுற்றி நின்றார்கள். நானும் நின்றேன். மகிழ் வாயைத் திறந்து புகையை ஆவலாக இழுப்பாள். பால் குடிப்பதுபோல இழுப்பாள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். பதறினாலும் அவளைப் புகைக்கு இன்னும் கொஞ்சம் கிட்டத்தில்தான் பிடிப்பேன்.

பாவாயி அக்கா மண்டபக் கூட்டத்தன்று தலையில் அடித்துக்கொண்டு அழுதவர், அதன்பிறகு எந்தக் குழந்தையையும் தொடுவதில்லை என்று அம்மன் முன்னால் சத்தியம் செய்திருந்தார். தெருவில் என்னைக் கண்டால் ஒதுங்கிப் போவார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வர வேண்டும் என்று முயன்றும் வரவில்லை.

ஐப்பசியில் செழியன் இருமத் தொடங்கினான்.

ஊரில் கரித்தின்னி இல்லாத எல்லாரும் இருமிக்கொண்டுதான் இருந்தார்கள். உமிக் குவியல்கள் வந்தபிறகு முன்னைவிட அதிகமாக இருமினார்கள். ஆனால் ஊர் இருமுவது வேறு, தன் பிள்ளை இருமுவது வேறு. முகமூடி மாட்டினோம், ஐந்து வயதுப் பையன் எவ்வளவு நேரம் மாட்டியிருப்பான்? பரணி அவன் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனார். பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"ஆரம்பிச்சிருச்சு. காவல் செல்லுக கக்க ஆரம்பிச்சிருச்சு. இங்கயே இருந்தா முப்பது வயசுல இவன் செவுத்தப் புடிச்சுட்டு நிப்பான்" என்றார்.

செழியனைக் கோவைக்கு மாமியாரிடம் அனுப்பினோம். ஒரு வாரத்தில் இருமல் நின்றது. சோறும் நின்றது. இரவெல்லாம் அழுதான். தினமும் போனில் கூப்பிட்டு, பாப்பாவை மட்டும் எதற்கு வைத்துக்கொண்டீர்கள், நான் என்ன தப்பு பண்ணினேன் என்று கேட்டான். நான் கோவைக்குப் போனால் மகிழ் புகைக்கு என்ன செய்வாள்? அவன் இங்கே வந்தால் அவன் நெஞ்சு என்ன ஆகும்? இருதலைக்கொள்ளி எறும்பு என்று பாடப்புத்தகத்தில் படித்தபோது அது எனக்கு வெறும் உவமை. என் இரண்டு பிள்ளைகளும் ஒரே பாயில் படுக்க ஒரு காற்று இந்த உலகத்தில் இல்லை. கடைசியில் கூட்டி வந்துவிட்டோம். மெலிந்து போய்த் திரும்பி வந்தவன் என் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கினான், தூக்கத்திலும் இருமினான்.

பரணியிடம் கேட்டேவிட்டேன். ஆய்வகத்தில் அந்த ஆவி மிச்சம் இருக்கிறதா, செழியனுக்கும் கொடுத்துவிடலாமா?

கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அன்றுதான். ஆய்வகம் சீலில் இருக்கிறது, இல்லாவிட்டாலும் தரமாட்டேன் என்றார். "நல்லா இருக்கற புள்ளைய நாமளே கட்டிப் போடறதா? நாளைக்கு உலகம் பூராவும் புகை நின்னுரும் ரஞ்சனி. இந்த ஊர்ல எத்தன நாளைக்கு நெல்லு அவிப்பாங்க? அன்னைக்கு ரெண்டையும் சேத்துப் பொதைக்கறதா?" என்று கத்தினார். அவன் ஒருவனாவது எங்கே வேண்டுமானாலும் மூச்சு விடட்டும் என்றார். அவர் சொன்னது அத்தனையும் சரி. எனக்கும் தெரியும். அன்று நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை.

மறுநாள் அவர் எங்கேயோ போய்விட்டு வந்தார். எங்கே என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் இருமல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்கடுத்த நாள் காலை, அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, செழியனைக் கையில் பிடித்துக்கொண்டு பாவாயி அக்கா வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஊரோடு ஒத்து வாழ் என்றுதானே சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு விதி வேண்டாம். வாழ்ந்தால் இரண்டும் ஒன்றாக வாழட்டும். இது அம்மா பேசுகிற பேச்சா, பைத்தியம் பேசுகிற பேச்சா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

செழியனை வாசலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே போனேன். அக்கா அடுப்பில் பெரிய பானை வைத்து வெந்நீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து இந்தமுறை ஒதுங்கவில்லை. நான் சொல்ல வந்ததைத் திக்கித் திணறிச் சொன்னேன். சத்தியம் செய்தவரிடம் கேட்கிறோமே என்ற வெட்கத்தில் தரையைப் பார்த்தே சொன்னேன். அவர் அதிர்ச்சியடையவில்லை. அடுப்புச் சுள்ளியை உள்ளே தள்ளிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்தே வந்து கேட்டுட்டுப் போய்ட்டாருங்க அம்மணி."

"யாருங்க்கா?"

"உங்கூட்டு மாப்பிள்ளைதானுங்க. டாக்டரு. பையனுக்கு ஒருக்காத் தண்ணி வாத்து உடுங்கக்கான்னு, அந்தத் தூணப் புடிச்சுட்டு அழுதாருங்க. உங்களுக்குத் தெரிய வேண்டாம்னாரு." அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். "பெத்தவ வந்து ஒரு வார்த்த சொல்லாம நான் கை வெக்க மாட்டேன்னுட்டேன். சத்தியத்துக்கு அம்மங்கிட்ட நான் பதில் சொல்லிக்கறேன். வருவீங்கன்னு தெரியும். அதான் தண்ணி வெச்சேன்."

வேண்டாம் என்று சொல்ல எங்கள் வீட்டில் ஒருவர் மிச்சம் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் நான் அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. என்னை இழுத்துக்கொண்டு போக அவர் பின்னாலேயே ஓடி வருவார் என்று நினைத்திருந்தேன். இனி யாரும் வரப்போவதில்லை.

பாவாயி அக்கா காலை நீட்டி உட்கார்ந்து, எண்ணெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க அம்மணி. வாக்கட்டுங்களா?"

வாசலில் செழியன் இருமினான். நான் திரும்பிப் பார்த்தேன்.

"உள்ள வா சாமி" என்று கூப்பிட்டேன்.